கெலாங் பாத்தாவில் ஒரு நீல வாளி

என் தங்கை மாலதி போனில் அழுகிறவள் அல்ல. கல்யாணமாகி மலேசியாவில் ஜொகூருக்குப் போன பதினெட்டு வருடத்தில் அவள் என்னிடம் கேட்டதெல்லாம் கருவடகமும் சுண்டைக்காய் வற்றலும்தான். அப்படிப்பட்டவள் ஒரு நாள், "அக்கா, நாங்க இருக்கற வீட்ட விக்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டாள். நான் பரண்மேல் கிடந்த பெட்டியை இறக்கினேன். நான் போய் என்ன கிழித்துவிட முடியும் என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை. ஆனால் பயப்படுகிற விஷயத்துக்குத் தூரத்தில் இருந்து பயப்படுவதைவிடப் பக்கத்தில் போய்ப் பயப்படுவது என் சுபாவம்.

மாலதி இருக்கும் கெலாங் பாத்தாவைப் பார்த்ததும் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. கூடுவாஞ்சேரிக்காரிக்கு அது தெரிந்த ஊர்தான். நாங்கள் காலையில் எழுந்து ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறோம். இவர்கள் காலையில் எழுந்து பாலமேறி இன்னொரு நாட்டுக்கு வேலைக்குப் போகிறார்கள். சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாவது பாலம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே சம்பாதித்து இங்கே தூங்குகிறவர்கள் பெருகப் பெருக, தூங்குகிற இடத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. எங்கள் ஊரில் புதுப் பேருந்து நிலையம் பக்கத்தில் வந்ததும் வேப்பமரத்தடியில் வெட்டியாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் புரோக்கர் ஆனார்கள். இங்கே புரோக்கரை ஏஜென்ட் என்கிறார்கள், கையில் ஃபைல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மாலதியின் வீடு, ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் நடுவில் ஒன்று. இங்கே குடியிருப்புப் பகுதியைத் தாமான் என்கிறார்கள். பன்னிரண்டு வருடமாக அதே வாடகை வீடு. முன்வாசலில் அவள் வைத்த கறிவேப்பிலை என் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. வீட்டுக்காரர் ஒரு சீனப் பெரியவர். எல்லோரும் அவரைத் தவுக்கே என்கிறார்கள், முதலாளி என்று அர்த்தம். கெட்டவர் இல்லை. வயதாகிவிட்டது, பிள்ளைகளோடு போய் இருக்கப் போகிறார், விற்கிறார். முதலில் இவர்களிடம்தான் கேட்டாராம். அவர் சொன்ன விலை மாலதியின் கணவர் குணாவுக்கு எட்டவில்லை. யார் மேலும் கோபப்பட முடியாதது எனக்கு அவஸ்தையாக இருந்தது.

முதல் நாள் வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது பின்னறையின் நடுவில் ஒரு நீல வாளி நின்றது. மேலே கூரைப் பலகையில் லேசான பழுப்புக் கறை. வாளியை யாரோ மறந்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக் குளியலறைக்கு எடுத்துப் போனேன். சாயங்காலம் பார்த்தால் வாளி மறுபடி பின்னறையின் நடுவில். மாலதி எதுவும் சொல்லவில்லை. அக்காவுக்குப் பயணக் களைப்பு என்று விட்டிருப்பாள்.

மறுநாள் விடிவதற்கு வெகு முன்பே மோட்டார் சைக்கிள் சத்தத்தில் விழித்தேன். குணா சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் பளுதூக்கி வண்டி ஓட்டுகிறார். நாலேமுக்காலுக்குக் கிளம்புவார். கிளம்பும்போது குடும்ப வாட்ஸப் குழுவில் "கிளம்பிட்டேன்" என்று ஒரு வார்த்தை. பாலம் தாண்டி, இரண்டு பக்கமும் கடவுச்சீட்டு காட்டி, கிடங்கு வாசலில் வண்டியை நிறுத்தியதும் "சேர்ந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை. இடையில் முக்கால் மணி நேரம். மாலதி அதுவரை போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். இரண்டாவது வார்த்தை வந்த பிறகுதான் திரும்பிப் படுக்கிறாள்.

எதற்கு இந்த ஏற்பாடு என்று கேட்டேன். போன மழைக்காலத்தில் குணா வண்டி ஓட்டிக்கொண்டே ஒரு நொடி கண் அசந்துவிட்டாராம். பாலத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் தடுப்புக் கம்பியில் உரசி விழுந்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் போய்விட்டது. பின்னால் லாரி வராதது சாமி புண்ணியம். குணா அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். வண்டியின் வலப்பக்கக் கண்ணாடி இன்னும் கறுப்பு டேப் சுற்றித்தான் நிற்கிறது. வீடு மாறுவதில் மாலதிக்கு என்ன பயம் என்று அப்போது புரிந்தது. இந்த வாடகைக்கு இனி கிடைக்கும் வீடு எதுவாக இருந்தாலும் பாலத்திலிருந்து தள்ளித்தான் இருக்கும். தள்ளிப் போகும் ஒவ்வொரு கிலோமீட்டரும் குணாவின் தூக்கத்திலிருந்துதான் கழியும்.

காலையில் மாலதி என்னை ரொட்டி சானாய் சாப்பிடக் கூட்டிப் போனாள். நம்முடைய பரோட்டாவுக்குத் தம்பி. கூட ஒரு பருப்புக் குழம்பு, அதில் எங்கிருந்தோ ஒரு மீன் வாசனை. மூன்று சாப்பிட்டேன், கவலையில் எனக்குப் பசி கூடும். கடைக்காரர் தமிழ் முஸ்லிம், அவருடைய அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். இந்த ஊர்க்காரர்கள் எப்படி என்று கேட்டேன். கல்லில் மாவை வீசிக்கொண்டே சொன்னார்: "ஊர்க்காரங்க யாருன்னு இப்ப எனக்கே தெரியலம்மா. முன்ன பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சாப்பாடு வைப்பேன். இப்ப எல்லாம் புங்குஸ்தான். பொட்டலம் கட்டிக் குடுத்தா வாங்கிட்டுப் போய்த் தூங்கிடறாங்க."

கடித முகவரிகளில் இந்த ஊருக்கு இப்போது வேறொரு பெரிய நகரத்தின் பெயர் போடுகிறார்கள். புதுத் தாமான்களுக்கோ நாக்கில் நிற்காத ஏதேதோ ஐரோப்பியப் பெயர்கள். குணாவிடம் எந்த ஊர் என்று கேட்டால் மட்டும் கெலாங் பாத்தா என்பார். அவர் பிறந்த தோட்டம் பக்கத்தில்தான் இருந்ததாம். ரப்பரை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை போட்டு, பிறகு அதையும் வெட்டி வீடுகள் கட்டிவிட்டார்கள். தான் பிறந்த இடத்தில் இப்போது ஒரு வீடு வாங்க அவரால் முடியாது. இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை, வானிலை அறிக்கை மாதிரி சொன்னார்.

மூன்றாம் நாள் எனக்கு வீரம் வந்துவிட்டது. மாலதி ஒரு பாலர் பள்ளியில் ஆயா வேலைக்குப் போயிருந்தாள். நான் தனியாகப் பஸ் ஏறி ஜொகூர் பாரு போய், ஒரு கோயிலில் குணா பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, திரும்பவும் பஸ்ஸில் ஏறினேன். என் தவறு, இறங்க வேண்டிய இடம் வந்ததும் கண்டக்டர் கத்துவார் என்று காத்திருந்தது. முப்பது வருடம் பஸ்ஸிலும் ரயிலிலும் போன உடம்பு. விசில் கேட்காமல் எழுந்து பழக்கமில்லை. இங்கே கண்டக்டரே கிடையாது. நாமே பொத்தானை அழுத்தினால்தான் வண்டி நிற்கும். மாலதியின் தாமான் ஜன்னலுக்கு வெளியே அழகாக வந்தது, அழகாகப் போனது.

கடைசியில் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு பொட்டலில் பஸ் நின்றது. நல்ல மழை. என் படபடப்பைப் பார்த்து, சீருடை போட்ட ஒரு மலாய்ப் பெண் தன் குடையில் என்னைச் சேர்த்துக்கொண்டாள். பேச எங்களுக்குப் பொது மொழி இல்லை. மாலதி எழுதிக் கொடுத்திருந்த முகவரியைக் காட்டினேன். அவள் தன் போனில் ஒரு வாடகைக் கார் வரவழைத்து, ஓட்டுநரிடம் ஏதோ கண்டிப்பாகச் சொல்லி ஏற்றிவிட்டாள். நனைந்துபோய் வீட்டுக்கு வந்தபோது மாலதி திட்டவில்லை. "அலமாக், பெல் அடிக்கணும்லா அக்கா" என்றாள். அவள் பேச்சில் இந்த ஊர் எவ்வளவு ஊறிவிட்டது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். இவள் இனி எங்கள் ஊர்க்காரி இல்லை, இந்த ஊரும் அவளைக் கைவிடப் பார்க்கிறது.

நான்காம் நாள்தான் அந்த வினை. குணாவோடு வேலை செய்கிற ஒருவர், ஊரிலிருந்து அக்கா வந்திருக்கிறாராமே என்று மனைவியோடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். மாலதி முறுக்கு டப்பாவை எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். மத்தியானம் மூன்று மணிக்கு வாசலில் ஒரு கார். முப்பது வயதுப் பையன் ஒருவர், ஏழு மாத வயிற்றோடு அவர் மனைவி, கூடவே ஒரு சீனப் பெண். வணக்கம் சொன்னார்கள். நான் கதவை விரியத் திறந்தேன்.

உள்ளே கூட்டி வருவதற்கு முன் ஓடிப்போய் இரண்டு காரியம் செய்தேன். மேசைமேல் நறுக்கி வைத்திருந்த அன்னாசித் தட்டைக் கர்ப்பிணி கண்ணில் படாமல் அலமாரிக்குள் தள்ளினேன். பின்னறையில் நின்ற நீல வாளியைக் குளியலறைக்குள் மறைத்தேன். வீட்டுக்கு வந்தவர்கள், கூரை ஒழுகுகிறது என்று என் தங்கையைப் பற்றிக் குறைவாக நினைத்துவிடக் கூடாதே.

காப்பி கொடுத்தேன், முறுக்கு கொடுத்தேன். அவர்களுக்குச் சொந்த ஊர் ஜொகூரிலேயே உள்ளே தள்ளி இருக்கும் லாபிஸ். சிங்கப்பூரில் ஒரே ஒரு அறை எடுத்து இருக்கிறார்கள். பிரசவத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். நியாயம்தான் என்றேன். பிறகு வீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நம் ஆட்கள் யார் வீட்டுக்குப் போனாலும் சமையலறையிலிருந்து கழிப்பறை வரை பார்க்காமல் கிளம்புவதில்லை. தண்ணீர் எப்படி, வெள்ளம் வருமா, அக்கம்பக்கம் எப்படி என்று விசாரிக்காவிட்டால் அதுதான் மரியாதைக் குறைவு.

நான் ஒன்றையும் விடவில்லை. தண்ணீர் இருபத்து நாலு மணி நேரமும் வரும் என்றேன். நேற்று கொட்டிய மழைக்கு வாசலில் ஒரு சொட்டுத் தேங்கவில்லை என்றேன். காற்றைப் புகழ்ந்தேன், கறிவேப்பிலையைப் புகழ்ந்தேன், கேட்காமலே பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு படுக்க நல்ல அறை என்று பின்னறையைக் காட்டினேன். அந்தக் கறையைப் பார்த்து அவள் கணவர் கேட்டபோது, அது எப்போதோ பட்டது, ஒழுகவே ஒழுகாது என்றேன். சீனப் பெண் கூடத்தைப் போட்டோ எடுத்தாள். நான் புடவையைச் சரிசெய்துகொண்டு அதில் போய் நின்றேன்.

கிளம்பும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்ளோ வீடு பாத்தோம்மா. யாருமே இப்படி மனசு விட்டுச் சொன்னதில்ல" என்றாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்தரை மணிக்கு வாசலில் இன்னொரு கார் நின்றது. மங்குஸ்தான் பையோடு ஒரு கணவனும் மனைவியும் இறங்கி, குணாவின் வேலையிடத்து நண்பர் என்று தங்களை அறிமுகம் செய்துகொண்டார்கள். அப்படியானால் மூன்று மணிக்கு வந்தவர்கள் யார்? அவர்களை உட்கார வைத்தேன், என்ன பேசினேன் என்று நினைவில்லை.

மாலதி வந்து, விருந்தாளிகளை அனுப்பி வைத்துவிட்டு, உடை மாற்றப் பின்னறைக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"வாளி எங்கக்கா?"

"பாத்ரூம்ல வச்சேன். ஒழுகவே இல்லையே, எதுக்குடி அது?"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒழுகறதுக்கு இல்லக்கா. பாக்க வர்றவங்களுக்கு."

அப்புறம்தான் எல்லாம் சொன்னாள். வீடு பார்க்க வருகிறவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வருவதாகத்தான் ஏஜென்ட்டான அந்தச் சீனப் பெண் செய்தி அனுப்பியிருந்தாளாம், முன்னதாகவே வந்துவிட்டார்கள். இதற்கு முன் ஏழு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மாலதி யாரிடமும் பொய் சொல்லவில்லை. வாளியைக் கறைக்குக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நிற்பாள். ஒழுகுமா என்று கேட்டால் மேலே அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுவாள். அடுப்பில் கருவாடு பொரியும். அந்த ஏழு பேரும் திரும்பி வரவில்லை. அப்படித்தான் ஒவ்வொரு மாதமாக அந்த வீட்டைத் தக்கவைத்துக்கொண்டிருந்தாள். அதை நான் அரை மணி நேரத்தில், காப்பியும் கொடுத்து, விற்றுத் தந்துவிட்டேன்.

நான் அழுதேன். அவள் அழவில்லை, என் முதுகைத் தடவினாள், அது இன்னும் சுட்டது. இரவு குணா வந்து சாப்பிட்டுக்கொண்டே எல்லாம் கேட்டார். கை கழுவிவிட்டு வந்து, "விடுங்கக்கா. என்னிக்கிருந்தாலும் யாராச்சும் வாங்கத்தான் போறாங்க. புள்ளத்தாச்சிப் பொண்ணு வர்றது நல்லதுதான்" என்றார். மனுஷன் ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

மறுநாள் தவுக்கேயே நேரில் வந்தார். லாபிஸ்காரர்கள் முன்பணம் கட்டிவிட்டார்களாம். இரண்டு மாதம் டைம் கொடுப்பதாகவும், வாடகை டெபாசிட்டை முழுசாகத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து மலாயில் ஏதோ சொல்லித் தலை குனிந்தார். மாலதியிடம் என்னவென்று கேட்டேன். வீட்டைப் பற்றி நல்லபடியாகச் சொன்னதற்கு நன்றி சொல்கிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை குணாவுக்கு விடுமுறை. பெக்கான் நானாஸில் ஒரு வாடகை வீடு இருப்பதாக ஒருவர் சொல்ல, குணா நண்பரின் காரை வாங்கிக்கொண்டு எங்களைக் கூட்டிப் போனார். வழியெல்லாம் அன்னாசிக் காடு, இடுப்பளவு முள்ளிலைகள் வரிசை வரிசையாக. குணா சாலையோரத்தில் நிறுத்தி நறுக்கிய அன்னாசி வாங்கித் தந்தார். தேனாக இனித்தது. நான்தான் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டேன். கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலி ரோட்டிலேயே இவ்வளவு நிமிடம் என்றால், தூக்கக் கலக்கத்தில், மழையில், இருட்டில், அந்த டேப் சுற்றிய கண்ணாடியோடு எவ்வளவு நிமிடம் என்று மனசு கணக்குப் போட்டபடியே இருந்தது.

வீடு மெயின் ரோட்டை ஒட்டி, நன்றாகவே இருந்தது. பாலத்துக்குப் போகும் சாலைக்கும் பக்கம். மாலதியின் முகம் தெளிந்ததை நானே பார்த்தேன். வீட்டுக்காரரின் ஆள் சாவிக் கொத்தோடு காத்திருந்தார். உள்ளே இன்னும் ஒரு மலாய்க் குடும்பம் குடியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு மாலதி வயது இருக்கும். எங்களை வரவேற்று உட்காரச் சொல்லிவிட்டு, மெல்லிய குரலில் பேச ஆரம்பித்தாள். மாலதி எனக்கு அவ்வப்போது தமிழில் சொல்லி வந்தாள். தண்ணீர் மெதுவாகத்தான் வருமாம். பின்னால் சாக்கடை நாறுமாம். கருவாட்டு வாசனை கூடம் வரை நிறைந்திருந்தது.

பின்னறைக்குப் போனோம். நடுவில் ஒரு சிவப்பு வாளி.

மாலதி அதன் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க மத்தியானம் தவறாமல் மழை. வாளியின் அடியில் தூசியும் ஒரு செத்த பூச்சியும்தான் இருந்தன. நான் மாலதியைப் பார்த்தேன். அந்தப் பெண் கூரையை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

கெலாங் பாத்தாவிலிருந்து தள்ளப்பட்டவர்கள் இங்கே வந்து விழுகிறோம், இங்கே இருப்பவர்கள் எங்கே போய் விழுவார்கள் என்று அதுவரை நான் யோசிக்கவே இல்லை. மாலதி அந்தப் பெண்ணின் காதருகே குனிந்து, இங்கே அக்காவுக்குச் சொல்கிற 'கக்' என்று கூப்பிட்டு, மலாயில் ஏதோ சொன்னாள். அவள் முகம் சிவந்துவிட்டது. மாலதியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மாலதி கூடத்துக்கு வந்து சாவிக்காரரிடம், வீடு சரிப்படாது, கூரை ரொம்ப மோசம் என்று சொல்லிவிட்டாள்.

காரில் குணா கேட்டார். "கூரை அவ்ளோ மோசமா?"

"இல்ல. நல்ல கூரை" என்றாள் மாலதி.

குணா அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். வண்டி அன்னாசிக் காட்டுக்குள் திரும்பிய பிறகு நான்தான் அடக்கமாட்டாமல், அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"வாளியில கொஞ்சம் தண்ணி ஊத்தி வைங்க கக், காஞ்ச வாளியப் பாத்தா தெரிஞ்சிரும்னு சொன்னேன்."

நான் ஊர் திரும்பிய மூன்றாவது மாதம் அவர்கள் வீடு மாறினார்கள். பெக்கான் நானாஸ்தான், ஆனால் அந்த வீட்டிலிருந்தும் வெகு தூரம் உள்ளே, அன்னாசிக் காடுகளைத் தாண்டி. கறிவேப்பிலையைப் பெயர்த்துக்கொண்டு போக முடியவில்லை. லாபிஸ் பெண்ணுக்குப் பெண் குழந்தை, அந்தப் பின்னறையில்தான் தொட்டில் கட்டியிருக்கிறார்களாம். மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று எனக்கு நன்றி சொல்லச் சொன்னாளாம். குணாவை எந்த ஊர் என்று கேட்டால் இப்போதும் கெலாங் பாத்தா என்றுதான் சொல்கிறாராம்.

அந்தக் குடும்ப வாட்ஸப் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். நான்தான் கேட்டேன். குணா இப்போது நாலு மணிக்கே கிளம்புகிறார், முதல் செய்தி எங்கள் ஊர் நேரத்துக்கு இரவு ஒன்றரை மணிக்கு வருகிறது. இரண்டாவது செய்தி, எப்போதும் போல, மூன்று மணிக்கு. அங்கே மாலதியும் இங்கே நானும் போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறோம். முன்பு அவள் முக்கால் மணி நேரம் பயந்தாள். இப்போது நாங்கள் இரண்டு பேரும் ஒன்றரை மணி நேரம் பயப்படுகிறோம்.